எச்சில் சோதனை சிறு பிள்ளைகளுக்குப் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

பாலர் பள்ளியில் ஒரு பிள்ளைக்குச் சளி பிடித்தால் போதும், பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் அதே கேள்வி வந்துவிடுகிறது: "மூக்கில் குச்சி விடாமல் எச்சிலில் சோதிக்கக் கூடாதா?" நியாயமான கேள்விதான். கோவிட் காலத்தில் ஏஆர்டி எனும் வீட்டு விரைவுச் சோதனைப் பெட்டியைக் கண்டதுமே அழுத பிள்ளைகள் எத்தனை பேர்! ஆனால் எச்சிலில் கிருமி இல்லை என்று வந்துவிட்டால், இருமும் பிள்ளையை மறுநாளே பள்ளிக்கு அனுப்பலாம் என்று சிலர் சொல்வதை ஏற்க முடியவில்லை.

சிங்கப்பூர் கேகே மகளிர், சிறார் மருத்துவமனை மருத்துவர்கள் 2020இல் கோவிட் தொற்றிய பிள்ளைகளிடம் இதைச் சோதித்திருக்கிறார்கள். மூக்கின் ஆழத்தில் எடுத்த மாதிரியில் தெரிந்த கிருமி, பலருக்கு எச்சிலில் தெரியவில்லை. சிறிய ஆய்வுதான், எச்சில் நன்றாகவே கைகொடுத்ததாக வேறு நாட்டு ஆய்வுகளும் உண்டு. மாதிரியை எப்படி எடுக்கிறோம் என்பதும் முக்கியம். மூன்று வயதுப் பிள்ளையைத் துப்பச் சொன்னால் விழுங்கிவிடும். சற்று முன் மைலோ குடித்திருந்தால் அதுவும் சேர்ந்து வரும்.

அப்புறம், கிருமியின் மரபணுவைப் பெருக்கிக் கண்டறியும் பிசிஆர் சோதனையின் அறிக்கையில் சில சமயம் வரும் சிடி எண். கிருமி தென்பட எத்தனை சுற்று பெருக்க வேண்டியிருந்தது என்ற கணக்கு அது. அது குறையக் குறையக் கிருமி அதிகம். மூன்று எண் குறைந்தாலே கிருமி ஏறத்தாழ பத்து மடங்கு. ஆனால் அதை வைத்து நோயின் கடுமையை அளக்க முடியாது. கோவிட்டில் லேசாக மூக்கு ஒழுகிய பிள்ளைகளிடமும் பெரியவர்களுக்கு நிகரான கிருமி இருந்தது. சாதாரணச் சளிக்குக் காரணமான ரைனோ கிருமியோ, பிள்ளை தேறி ஓடியாடும்போதும் வாரக்கணக்கில் சோதனையில் தென்படலாம்.

எச்சிலுக்கு உரிய இடம் வேறு. ஜெர்மனியின் நார்த் ரைன் வெஸ்ட்ஃபாலியா மாநிலத்தில் 2021 மே மாதம் முதல் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் வாரம் இருமுறை குச்சியை 30 விநாடி மிட்டாய்போல் சப்பினார்கள். ஒரு வகுப்பின் குச்சிகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து பிசிஆர் செய்தார்கள். ஒருமுறை தப்பினாலும் அடுத்த முறை பிடிபட வாய்ப்புண்டு. நன்றாக இருக்கும் பிள்ளைகளைக் கண்காணிக்க அது சரி. காய்ச்சலில் கிடக்கும் ஒரு பிள்ளைக்கு ஒரே ஒரு எச்சில் சோதனை போதாது.

மருந்தகங்களுக்கு ஒரு வேண்டுகோள்: மாதிரி மூக்கில் எடுத்ததா வாயில் எடுத்ததா, காய்ச்சல் தொடங்கி எத்தனையாவது நாள் என்பதைப் பெற்றோரிடம் தரும் தாளிலேயே எழுதிக் கொடுங்கள். அந்த விவரம் இல்லாத தாளைத்தான் குழுவில் படமெடுத்துப் போட்டு வாதாடிக்கொண்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகி