லகரமா, ழகரமா?

வெள்ளவத்தை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மகள் துளசிக்கு,

நாங்கள் சுகம். "நாங்கள்" என்று கைப்பழக்கத்தில் எழுதிவிட்டேன். அப்பா போய் இரண்டு வருஷமாகியும் கை திருந்தவில்லை. நான் சுகம். பின்னேரத்தில் முழங்கால் கொஞ்சம் பிடிக்கும், அவ்வளவுதான். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

சித்திரையிலிருந்து வட்ஸ்அப்பில் நீ எனக்கு அனுப்பியவற்றை எண்ணிப் பார்த்தேன். 9 "கே", 14 "ம்", மற்றதெல்லாம் பெருவிரல் படம். "ஓகே" என்பதே சுருக்கம், அதையும் பாதியாக்கினால் மிச்சம் என்ன? முப்பது வருஷம் தமிழ் படிப்பித்தவளுக்கு மகள் அனுப்புவது ஒரு மெய்யெழுத்து!

வளாகத்தில் படிக்கும்போது நீ சொன்ன விளக்கம் ஞாபகம் இருக்கிறது. ஆங்கில எழுத்தில் அடித்தால் ஒரு எஸ்எம்எஸ்ஸில் 160 எழுத்துப் போகும், தமிழில் 70தான். அதிலும் புள்ளியும் அரவும் தனித்தனிக் கணக்கு, "அம்மா" என்று கூப்பிடவே 5 போய்விடும் என்றாய். பிள்ளை காசு மிச்சம் பிடிக்கிறாள் என்று அப்பாவுக்குப் பெருமை. சரி, இப்போது வட்ஸ்அப்பில் எழுத்தை எண்ணி யார் காசு கேட்கிறார்கள்? ஓலையிலும் புள்ளி வைக்காமல்தானே எழுதினார்கள் என்று வாதாடுவாய். ஓலை கிழியும் என்று விட்டார்கள். பிறகு அந்த ஏடுகளை வாசித்து அச்சில் போடத் தாமோதரம்பிள்ளை பட்ட பாடு கொஞ்சமா? அந்தப் பாடு இப்போது எனக்கு.

வியாழன் இரவு உன்னிடம் இரண்டு கேள்வி கேட்டேன். பல் பிடுங்கிய இடம் எப்படி? நல்லூர்த் தேருக்கு இரண்டு பேருமாக வருவீர்களா? இரண்டுக்கும் சேர்த்து ஒரு பதில் வந்தது, ஆங்கில எழுத்தில். வி, ஏ, எல், ஐ. அதற்குப் பின்னால் "இல்லை அம்மா". யாழ்ப்பாணத்துக்கும் தமிழுக்குமே ஆங்கில எழுத்தில் ஒற்றை எல் போட்டுப் பழகியவர்கள் நாங்கள். வலி இல்லையா, வழி இல்லையா? நீ பதில் சொன்னது பல்லுக்கா, தேருக்கா? மூன்று நாளாக அந்த நாலு எழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். ஃபோன் எடுத்துக் கேட்டிருக்கலாம். ஆனால் சின்ன மாமி கேட்டுக் கேட்டு அவர்கள் வீட்டில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும்தானே.

மருமகனைச் சுகம் கேட்டதாகச் சொல். அவர் வீடியோவில் வந்து கனநாளாகிறது. வேலை கூடவாக்கும்.

உன்னைக் குறை சொல்லவில்லை. போன கிழமைகூடத் தமிழ்ச் சங்க நூலகத்தில் உன் பதவி உயர்வை நானே வலியப் போய் ஒருவரிடம் சொன்னேன். "பிள்ளை தமிழ் எழுதுவாளோ?" என்றார். "நாலு பக்கம் மூச்சுவிடாமல் எழுதுவாள்" என்றேன்.

எந்த நாலு பக்கம் என்று உனக்கு விளங்கும். பேராதனையில் முதல் வருஷம், விடுதியிலிருந்து நீ எழுதியது. 11 பிழைக்குச் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டு, அதே கடிதத்தை முத்திரை ஒட்டி உனக்கே திருப்பி அனுப்பினேன். "பொறுக்க முடியவில்லை" என்பதில் சின்ன ரகரம் போட்டிருந்தாய், அதுக்கு இரண்டு வட்டம். அனுப்பிவிட்டு வந்தபோது அப்பா கேட்டார், "பிள்ளைக்கு என்ன பொறுக்க முடியேல்லையாம்?" எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் அதை வாசிக்கவே இல்லை, துளசி. திருத்தினேன். அதுக்குப் பிறகு நீ கடிதம் எழுதவில்லை. இத்தனை வருஷமும் நான் ஃபோனைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது எடுத்து வாசிப்போம் என்றால் கடிதமும் என் கையில் இல்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. பிழையோடு எழுது, ஆங்கில எழுத்திலேயே அடி, நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். அன்றைக்கு எழுதியது எந்த "லி" என்று மட்டும் சொல்.

மாமியின் மகன் வருகிற மாதம் மெல்பேர்ண் வருகிறான். மிளகாய்த்தூள் வறுத்து இடித்து வைத்திருக்கிறேன். ஒரு கிலோ கொடுத்துவிடவா, அரைக் கிலோ காணுமா?

அம்மா