பெட்ரோகெமிக்கல் படிப்பு எதற்கு என்று கேட்டாய்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகள் வேதிப் பொறியியலில் சேர்ந்துவிட்டாள் என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷம். பிளாஸ்டிக்கை ஒழிக்க வேண்டிய காலத்தில் பெட்ரோகெமிக்கல் பக்கம் போகிறாளே என்று வருத்தப்பட்டிருக்கிறாய். அந்த ஆலைகளிலேயே உழைத்தவன் என்பதால் கொஞ்சம் விளக்கமாக எழுதுகிறேன்.

கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடிக்கும்போது பெட்ரோல், டீசலோடு நாப்தா என்ற லேசான எண்ணெயும் பிரியும். அதை நீராவியோடு கலந்து, உலைக் குழாய்களில் 800 டிகிரி செல்சியஸுக்கும் மேலே சூடாக்குவோம். உள்ளே அது இருப்பது ஒரு நொடிகூட இல்லை. வெளியே வந்ததும் சட்டென்று குளிர்விக்க வேண்டும். இல்லையென்றால் வினை நிற்காமல் போய், வேண்டியதெல்லாம் வீணாகும். இப்படி உடைந்து வருபவைதான் எத்திலீன், புரொப்பிலீன், பியூட்டாடையீன், பென்சீன். அடுத்து இவற்றைப் பிரித்தெடுக்க வேண்டும். எத்திலீன் கொதிப்பதே மைனஸ் 104 டிகிரியில்! ஒரே ஆலைக்குள் அந்த நெருப்பும் இந்தக் குளிரும். எனக்கு அந்த வியப்பு இன்னும் அடங்கவில்லை.

எத்திலீன், பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக்காகி, பையாகவும் குழாயாகவும் மின்கம்பி உறையாகவும் மாறுகிறது. பியூட்டாடையீன் ஸ்டைரீனோடு சேர்ந்தால் டயர் ரப்பர். பாலியெஸ்டர் துணியும் தண்ணீர் பாட்டிலும் ஒரே சரக்குதான். பென்சீனையும் புரொப்பிலீனையும் சேர்த்துக் கியூமீன், அதிலிருந்து ஃபீனால், ஃபீனாலிலிருந்து ஆஸ்பிரின் மாத்திரை. என் மனைவிக்கு முழங்கால் மாற்று அறுவை நடந்ததே, அங்கே இரண்டு உலோகப் பாகங்களுக்கு நடுவில் தேய்மானத்தைத் தாங்குவது பாலிஎத்திலீன். இப்போது நன்றாக நடக்கிறாள்.

உன் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. பிளாஸ்டிக் அதிகம் போவது பொட்டலம் கட்டத்தான், பிரித்ததும் குப்பை. பாலிஎத்திலீனையும், புரொப்பிலீனிலிருந்து வரும் பாலிபுரொப்பிலீனையும் சேர்த்து உருக்கினாலும் சரியாகக் கலக்காது. பல அடுக்கு உறைகளைப் பிரிப்பது அதைவிடப் பெரும்பாடு. சரி, இதை யார் தீர்ப்பது? இந்த வேதியியலைக் கரைத்துக் குடித்தவர்கள்தானே!

அதனால் அவளைத் தடுக்காதே. வினையூக்கிகளை, அதாவது வேதிவினையை எளிதாக்கும் பொருள்களை, ஆழமாகப் படிக்கச் சொல். முன்பெல்லாம் பாலிஎத்திலீன் செய்ய சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேலே அழுத்தம் தேவைப்பட்டது. 1953-ல் ஜெர்மன் வேதியியலாளர் கார்ல் சீக்லர் கண்டுபிடித்த வினையூக்கி வந்ததும் சாதாரண அழுத்தமே போதும் என்றானது. குப்பையான பிளாஸ்டிக்கை மறுபடி மூலப்பொருளாக உடைக்கவும் அப்படியொரு வினையூக்கி வேண்டும். அவள் தலைமுறை அதைச் செய்யும் என்று நான் மனதார நம்புகிறேன்.

அவளுடைய விடுதி முகவரியை எழுது. என்னிடம் இருக்கும் புத்தகங்களை அனுப்பி வைக்கிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்