முப்பது நாள்கள்

அன்பு மகனுக்கு,

இரண்டு வாரமாக உன் குரலைக் கேட்கவில்லை. உனக்கு வேலை அதிகம் என்று மருமகள் சொன்னாள். பேத்தி அழுதுகொண்டிருந்ததால் அவள் வேறொன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. உன் பதவி உயர்வுக்காக அம்மா பயத்தம்பணியாரம் சுட்டு அயலெல்லாம் கொடுத்தாள். எனக்கும் பெருமைதான்.

போன முறை நீ வந்திருந்தபோது, தொலைக்காட்சியில் பேசிய முதியவரை ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள் என்று கேட்டாய். அம்மா சாப்பிடக் கூப்பிட்டதால் பதில் சொல்லாமல் விட்டேன். அவர் பெங்ட் வெஸ்டர்பெர்க். 1983இல் இங்கே சுவீடனில் லிபரல் மக்கள் கட்சியின் தலைமைக்கு வந்தபோது அவர் பொருளாதாரம் படித்து, அமைச்சுகளில் கோப்புப் பார்த்துப் பழகியவர். இரண்டே ஆண்டில், 5.9 சதவீதத்தில் கிடந்த கட்சியை 14.2 சதவீதத்துக்கு ஏற்றினார். அதற்கு ‘வெஸ்டர்பெர்க் விளைவு’ என்றே பெயர் விழுந்தது.

1991 செப்டம்பர் தேர்தல் இரவை நான் மறக்கவில்லை. குடியேறிகளை இளக்காரம் செய்து வாக்குச் சேர்த்த புதிய ஜனநாயகக் கட்சித் தலைவர்கள் இருவரும் நேரலையில் சோபாவில் வந்து அமர, அவர் எழுந்து போய்விட்டார். மூன்று குடும்பங்கள் ஒரே அறையில் இருந்து அதைப் பார்த்தோம். உன் மாமா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, “எங்களுக்காக எழும்பிட்டான்” என்றார். ஆனால் வெஸ்டர்பெர்க் துணைப் பிரதமராகவும் சமூக நல அமைச்சராகவும் சேர்ந்த பிரதமர் கார்ல் பில்ட் அரசுக்கு நாடாளுமன்றத்தில் அதே கட்சியின் தயவு தேவைப்பட்டது. எழுந்தவன் பிறகு ஏன் உட்கார்ந்தான் என்று நெடுங்காலம் நான் அவரைக் குறை சொல்லித் திரிந்தேன்.

உட்கார்ந்துதான் அவர் வேலை செய்தார். கடும் உடற்குறை உள்ளவர்கள் தமக்கென ஓர் உதவியாளரைப் பெறும் உரிமை 1994இல் அவரால் வந்தது. கூட்டணியிலிருந்த கிறிஸ்தவ ஜனநாயகர்கள் கேட்ட, சிறுபிள்ளையை வீட்டில் வைத்துப் பார்ப்பவர்களுக்கான பராமரிப்புக் கொடுப்பனவுக்கு இணங்கி, பதிலுக்குத் ‘தந்தையின் மாதத்தை’ வாங்கினார்: பெற்றோர் விடுப்பில் ஒவ்வொருவருக்கும் முப்பது நாள்கள் ஒதுக்கப்படும், எடுக்காவிட்டால் அவை மற்றவருக்குப் போகாமல் அழிந்துவிடும். 1995 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தபோது அவர் அமைச்சராக இல்லை, கட்சி 7.2 சதவீதத்துக்கு இறங்க, தலைமையையும் விட்டுக்கொண்டிருந்தார். கொடுப்பனவை அடுத்த அரசு நீக்கியது. முப்பது நாள்கள் நின்றன. 2002இல் அறுபதாகி, 2016இல் தொண்ணூறாகின.

உனக்கும் தொண்ணூறு. எத்தனை மிச்சம் என்று ஒரு தடவை எண்ணிப் பார்.

நீ பிறந்தது அந்த 1995இல். முதலாளி விடுப்புத் தரவில்லை என்று அம்மாவிடம் சொன்னேன். அவரிடம் நான் கேட்கவே இல்லை, மகனே. உணவகத்தில் என்னோடு பாத்திரம் கழுவியவர்கள், பிள்ளைக்குத் துணி மாற்றப் போகிறானாம் என்று சிரிப்பார்கள் என்ற வெட்கத்தில், படிவத்தை மேலங்கிப் பையில் வைத்துக்கொண்டே பனிக்காலம் முழுவதும் திரிந்து, மடிப்பில் அது இரண்டாகக் கிழிந்த பிறகு தொடருந்து நிலையத்துக் குப்பைத் தொட்டியில் போட்டேன். அந்த நாள்களில் அம்மா காய்ச்சலோடு உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு இரவெல்லாம் சமையலறைக்கும் யன்னலுக்கும் நடப்பாள். நான் வேலையால் வந்து படுத்துவிடுவேன். முப்பது நாளும் அழிந்தன. அவள் இன்னும் அந்த முதலாளியைத்தான் திட்டுகிறாள்.

மருமகளிடம் நான் எதுவும் கேட்கப்போவதில்லை. நாள்களை மட்டும் எண்ணிப் பார். ஞாயிறு பதினொரு மணிக்கு அம்மா கோயிலுக்குப் போய்விடுவாள். அப்போது எனக்கு அழைப்பு எடு.

அன்புடன்,
அப்பா