பாப்பம்மாள் பாட்டி வாங்கிய நிலம்

மேட்டுப்பாளையம்,
அக்டோபர் 2024

கண்ணு,

தேக்கம்பட்டி பாப்பம்மாள் பாட்டியின் சாவைப் போனில் சொன்னபோது, "கல்யாணச் சாவுதானே அம்மா, ஏன் இப்படி அழுகிறாய்?" என்று கேட்டாய். அப்போது தொண்டை அடைத்துவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

பிரதமர் அவரைக் குனிந்து வணங்கிய படத்தை 2021இல் நாடே பார்த்தது. பத்மஸ்ரீ அறிவித்தபோது அவருக்கு 105 வயது. அந்த வயதிலும் விடிந்தால் தோட்டத்தில்தான் இருப்பார். ரசாயன உரமில்லாமல் வாழையும் வெண்டையும் விளைவித்ததை எல்லாரும் மெச்சினார்கள். மெச்ச வேண்டியதுதான். என் மனதில் நின்றது வேறு.

அந்த நிலம் பிறந்த வீட்டுச் சீரில்லை. சின்ன வயதிலேயே பெற்றோரை இழந்து, தேக்கம்பட்டியில் பாட்டியிடம் வளர்ந்தவர். பாட்டிக்குப் பின் அவருடைய கடையை ஏற்று நடத்தி, அந்த வருமானத்தில் சேர்த்துச் சேர்த்து ஏறக்குறைய 10 ஏக்கர் வாங்கினார். வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் பயிர் முறைகளைக் கேட்டுப் படித்தார். காரமடை ஒன்றியக் கவுன்சிலராகவும் இருந்தார். அந்தக் காலத்தில், நம் பக்கத்தில், ஒரு பெண்!

உன் அமுச்சியை, என் அம்மாவை, நினைத்துப் பார். பக்கக் கன்று வெட்டி வெட்டி, அவர் சேலையெல்லாம் வாழைக்கறை; எந்தச் சோப்புக்கும் போகாது. மடை திருப்புவதும் தார் வெட்டுவதும் ஆட்களுக்குக் கூலி கொடுப்பதும் அவர்தான். பட்டாவில் மட்டும் ஒரு சென்ட்கூட அவர் பெயரில் இல்லை. அப்புச்சி போன பிறகு நிலத்தை விற்றபோது கைநாட்டு வாங்கியதோடு சரி. விலை என்ன என்றுகூட அவரிடம் யாரும் சொல்லவில்லை. மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சமபங்கு என்று தமிழ்நாட்டில் 1989லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் அண்ணன் தம்பி உறவு கெட்டுவிடும் என்று பெண்கள் இன்னும் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள். எனக்கு அது ஆறவே இல்லை, கண்ணு. பாப்பம்மாள் பாட்டி தன் தோட்டத்து வரப்பில் நடந்ததைப் பார்க்கும்போதெல்லாம் என் அம்மாவின் கால்கள்தான் கண்ணில் வரும்.

அப்பாவிடம் பேசிவிட்டேன். கிணற்றை ஒட்டிய ஒன்றரை ஏக்கரை உன் பெயருக்கு எழுதச் சம்மதித்துவிட்டார். தம்பிக்கும் முழுச் சம்மதம். பொங்கலுக்கு வரும்போது ஆதார், பான் கார்டு அசலை மறக்காமல் எடுத்து வா. தை முதல் வாரத்தில் பதிவு. தண்ணீருக்குக் குறைவில்லை. நேந்திரன் வைக்கலாமா, கதலி வைக்கலாமா என்று அப்பா கேட்கிறார். நிலத்துக்காரியைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா