கழுத்துக் குழாயில் வெடித்த காபன் சைக்கிள் ஃபோர்க்: முழுப் பணத்தையும் திருப்பித் தருவது பற்றியது

கொக்குவில்,
யாழ்ப்பாணம்.
07.07.2025

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா / அம்மணி,

ஏப்ரல் 24ஆம் திகதி 185,000 ரூபாய் செலுத்தி உங்களிடம் வாங்கிய காபன் சைக்கிள் பிரேமும் முன் சில்லைத் தாங்கும் ஃபோர்க்கும் பற்றி நான் எழுதும் மூன்றாவது கடிதம் இது. முதலாவதற்குப் பதில் இல்லை. இரண்டாவதற்கு நான்கு வரியில் பதில் வந்தது. அதில் மூன்றாவது வரி: "பிரதி என்று தெரிந்துதானே வாங்கினீர்கள்?" அந்த வரி வராமல் இருந்திருந்தால் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன்.

தெரிந்துதான் வாங்கினேன். அதை மறைக்க எனக்கு எந்தக் காரணமும் இல்லை. குழாயில் பூசியிருக்கும் இத்தாலியப் பெயருக்குரிய அசல் பிரேம் பத்து இலட்சம் ரூபாயைத் தாண்டும் என்பது சைக்கிள் ஓடுகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். என் சம்பளத்துக்கு அது கட்டாது. ஆகவே பெயர் பொய் என்பதை ஏற்றுக்கொண்டேன். ஆனால் பணம் கட்டுவதற்கு முன் உங்கள் விற்பனையாளரிடம் மூன்று கேள்விகள் கேட்டேன். எடை எவ்வளவு, பெடல் அச்சுக் கூட்டின் அளவு சரியாக இருக்குமா, ஃபோர்க் பலம் சோதிக்கப்பட்டதா? "எடை 950 கிராம், அளவு அச்சொட்டாக இருக்கும், ஐ.எஸ்.ஓ. 4210 சோதனையில் தேறியது, பெயர் மட்டும்தான் வேறு" என்று எழுத்தில் பதில் வந்தது. ஐ.எஸ்.ஓ. 4210 என்பது சைக்கிள் பாதுகாப்புக்கான சர்வதேசத் தரம். அந்த உரையாடலின் படம் இத்துடன் உள்ளது. நான் பணம் கொடுத்தது அந்தப் பதிலுக்கு.

பெட்டி மே 6ஆம் திகதி வந்தது. பிரேமை நிறுத்துப் பார்க்க ஆசைப்பட்டேன். கஸ்தூரியார் வீதி நகைக்கடைத் தராசில் அது ஏறாது என்பதால் பலசரக்குக் கடைக்குக் கொண்டுபோனேன். பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தவர் பருப்பை இறக்கிவிட்டுப் பிரேமை ஏற்றினார்: 1,140 கிராம். ஃபோர்க்கும் திருகுகளும் சேராமல்தான் இந்த எடை. சரி, 190 கிராம் கூடினால் சாகமாட்டேன் என்று விட்டுவிட்டேன். அப்போதே திருப்பி அனுப்பியிருக்க வேண்டும்.

அடுத்தது பெடல் அச்சுக் கூடு. பி.பி. 86 வகை என்றீர்கள். அகலம் 86.5 மில்லிமீற்றர், துளை விட்டம் 41 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். இவ்வகைக் கூட்டில் மரை இல்லை. பெயாரிங் கப்பை அழுத்தி இறுக்கமாக உட்காரவைப்பதுதான் முறை. வலப்பக்கக் கப்பை அழுத்தும் கருவி போட்டு இறக்கினேன். இடப்பக்கக் கப் என் கட்டைவிரலுக்கே உள்ளே போய்விட்டது! வேர்னியர் அளவுகோல் வைத்துத் துளையை அளந்து பார்த்தால் 41.3 மில்லிமீற்றர். உங்கள் ஆட்களை அழைத்துக் கேட்டபோது, "பசை போட்டு ஒட்டுங்கள் அண்ணா, எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்" என்றார்கள். ஒட்டினேன். இரண்டாம் வாரத்திலேயே உழக்கும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை டக் என்று சத்தம் போடத் தொடங்கிவிட்டது.

பூட்டும்போது நான் விட்ட பிழையும் உண்டு. சீற் தண்டுக்கு, அது வழுக்காமல் பிடிக்கும் காபன் பசை பூசாமல் முதல் நாள் ஏறிவிட்டேன். திருநெல்வேலிச் சந்தி வருவதற்குள் சீற் இரண்டு விரல் கீழே இறங்கிவிட்டது. அதை உங்கள் கணக்கில் எழுதவில்லை.

ஜூன் முதலாம் திகதி தொடக்கம் மூன்று வாரங்களில் ஏறத்தாழ 410 கிலோமீற்றர் ஓடியிருப்பேன். பழைய வண்டியில் இருந்து கழற்றிய ஷிமானோ 105 வகைப் பாகங்களையும் சில்லுகளையும்தான் இதில் பூட்டினேன். நன்றாகவே ஓடியது, அதையும் சொல்லிவிடுகிறேன். வல்லை வெளியில் அது போன வேகத்துக்கு என் பழைய வண்டியை ஒப்பிடவே முடியாது. ஜூன் 22, ஞாயிறு காலை, பண்ணைப் பாலத்தால் ஊர்காவற்றுறைப் பக்கம் போனேன். சோழகக் காற்று முகத்தில் அடித்தது. சீற்றை விட்டு எழுந்து நின்று உழக்கியபோது ஹாண்டிலுக்குக் கீழே இன்னொரு சத்தம் கேட்டது. அச்சுக் கூட்டின் டக் எனக்குப் பழகிப்போனது, இது வேறு. அல்லைப்பிட்டியில் இறங்கி முன் பிறேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினேன். கழுத்து ஆடியது.

அங்கிருந்து மெதுவாகத் திரும்பி, நேராகச் சைக்கிள் திருத்துபவரிடம் போனேன். தொண்ணூறுகளில் எரிபொருள் தடையின்போது குடாநாடே சைக்கிளில் ஓடிய காலத்தில் எத்தனையோ பிரேம்களுக்கு ஒட்டுப் போட்டவர் அவர். ஃபோர்க்கைக் கழற்றினோம். ஹாண்டிலைத் தாங்கும் கழுத்துக் குழாயில், இரண்டு கால்களும் சேரும் இடத்துக்கு இரண்டு சென்ரிமீற்றர் மேலே, பாதிச் சுற்றுக்கு மயிரளவு வெடிப்பு. ஐந்து ரூபாய்க் குற்றியால் தட்டினார். மேலே கணீரென்ற ஒலி. வெடிப்பைச் சுற்றி ஈரமான பலகையைத் தட்டியது போல மொத்தென்ற ஒலி. "இரும்பென்றால் ஒட்டித் தருவேன் தம்பி. இதை உழக்க வேண்டாம், உருட்டிக்கொண்டு போம்" என்றார். உருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

கைபேசியில் பொருத்தும் குழாய்க் கமராவை உள்ளே விட்டு எடுத்த படங்களையும் இணைத்திருக்கிறேன். பிசின் ஊறிய காபன் துணியை அச்சில் அடுக்கி, உள்ளே இருக்கும் பையை ஊதி, சூட்டில் அழுத்தி எடுப்பதுதான் இதன் செய்முறை. அழுத்தம் போதாவிட்டால் துணி சுருங்கும், பிசின் ஓரிடத்தில் தேங்கும். வெடித்த இடத்துக்கு நேர் உள்ளே துணி மடிந்து, விரல் நகத்தளவு பிசின் கட்டியாக நிற்பதைப் படத்தில் பார்க்கலாம். வெளியே பூசிய மினுமினுப்பில் அது யாருக்கும் தெரியாது.

உங்கள் பதிலின் இரண்டாவது வரி, "அளவுக்கு மீறி முறுக்கியதால் வந்த சேதம்" என்கிறது. ஹாண்டிலைப் பிடிக்கும் பாகம் கழுத்துக் குழாயின் மேல்முனையில் இறுகுகிறது. வெடிப்போ கீழ்முனையில், முன் சில்லின் அடி முழுவதையும் வாங்கும் இடத்தில். திருகுகளை முறுக்குவிசை காட்டும் சாவியால் 5 நியூட்டன் மீற்றருக்கே இறுக்கினேன். சாவியின் பற்றுச்சீட்டும் இருக்கிறது. மேலே இறுக்கினால் கீழே வெடிக்குமா?

இன்னொன்று. பிரேமின் அடியில் யூ.சி.ஐ. முத்திரை ஒன்றும் ஒட்டியிருக்கிறீர்கள். பந்தயப் பிரேம்களுக்கு சர்வதேச சைக்கிள் ஒன்றியம் 2011 முதல் வழங்கும் அனுமதி அது. பெயரைப் பிரதி செய்தீர்கள். அது எனக்கும் உங்களுக்கும் இடையிலான பேச்சு. அனுமதி பெற்றது என்ற அத்தாட்சியையும் அச்சடித்து ஒட்டுவதற்கு நான் சம்மதிக்கவில்லை. ஐ.எஸ்.ஓ. 4210 சோதனை அறிக்கை உங்களிடம் இருந்தால் அதன் பிரதியை அனுப்புங்கள். இரண்டு கடிதத்திலும் கேட்டேன்.

யாழ்ப்பாணத்தில் மலை இல்லாததால் தப்பினேன். இதே ஃபோர்க்கை நுவரெலியாவில் ஒருவர் வாங்கியிருந்தால், சத்தம் கேட்டு இறங்கிப் பார்க்க அவருக்கு அவகாசம் கிடைத்திருக்காது. நேற்றும் உங்கள் இணையப் பக்கத்தில் அதே பிரேம் "சில மட்டுமே கையிருப்பில்" என்று கிடக்கிறது. என் பணத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன் அதை எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு ஃபோர்க்கைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

எனக்கு மாற்று ஃபோர்க் வேண்டாம். அதே அச்சில் வந்த இன்னொன்றை நான் நம்பமாட்டேன். 185,000 ரூபாயும் கொழும்பிலிருந்து வந்த கூலி 3,500 ரூபாயும் 14 நாட்களுக்குள் என் கணக்குக்கு வர வேண்டும். வராவிட்டால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் கீழ், உங்கள் விற்பனையாளரின் எழுத்துப் பதிலையும் சேர்த்து முறைப்பாடு செய்வேன்.

பிரேமையும் ஃபோர்க்கையும் வந்த பெட்டியிலேயே வைத்திருக்கிறேன். வெடித்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு நாடா ஒட்டியிருக்கிறேன், துடைத்துப் பூசி இன்னொருவருக்கு விற்க வேண்டாம். எடுத்துச் செல்ல ஆள் அனுப்புவதாக இருந்தால் மாலை ஐந்து மணிக்குப் பிறகு வரச் சொல்லுங்கள், கூலி உங்களுடையது.

இங்ஙனம்,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பற்றுச்சீட்டுகள், உரையாடல் படங்கள், கமராப் படங்கள்