அந்த மாற்று வழி எது?

வெண்ணாற்றுத் தென்கரையில் நடக்கும் பணிக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். தென்கரையின் மேல் போகும் வழியான லயன்கரையில் சுமார் 300 மீட்டர் நீளத்துக்குத் தடுப்பு வைத்து 7 வாரங்கள் ஆகின்றன. கரை அரித்திருந்ததும், அங்கே சுவர் கட்டியாக வேண்டும் என்பதும் எங்களுக்குத் தெரியும். அந்த இடம் உடைந்தால் முதலில் மூழ்குவது எங்கள் வயல்கள்தாம். ஆகவே, பணியை நிறுத்தச் சொல்லி இதை எழுதவில்லை. தடுப்பில் தொங்கும் பலகையில் 'மாற்று வழியில் செல்லவும்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மாற்று வழி எது என்றுதான் கேட்கிறேன்.

லயன்கரை வழியாகப் பள்ளிக்கு 4 கிலோமீட்டர். தேக்கு மர நிழலில் பிள்ளைகள் இருபது நிமிடத்தில் போய்விடுவார்கள். இப்போது கடைத்தெரு சுற்றி நெடுஞ்சாலை வழியாகப் போனால் 11 கிலோமீட்டர். குறுவை அறுவடை நேரத்தில், நெல் மூட்டை ஏற்றிய லாரிகளுக்கு ஒதுங்கி நிற்கவும் இடமில்லாத அந்தச் சாலையில் பெண்பிள்ளைகளைச் சைக்கிளில் அனுப்ப எந்தப் பெற்றோருக்கும் மனம் வராது. அதனால் எல்லோரும் வயலில் இறங்குகிறார்கள்.

சென்ற செவ்வாய்க்கிழமை, பதினோராம் வகுப்பில் படிக்கும் என் மகளும் அப்படித்தான் இறங்கினாள். சம்பா நடவுக்காக ஓரங்களைச் செதுக்கி அண்டை வெட்டி, அன்று காலைதான் சேறு பூசியிருந்த வரப்பு அது. முன்சக்கரம் புதைந்து, சைக்கிளோடு சேற்றில் சரிந்தாள். நல்லவேளையாகக் காயம் இல்லை. ஆனால் கேரியரில் இருந்த பை முழுவதும் நனைந்து, மறுநாள் காட்ட வேண்டிய தாவரவியல் ரெக்கார்டு நோட்டு ஊறிப்போனது. வீட்டுத் திண்ணையில் ஒவ்வொரு தாளாகப் பிரித்துக் காயவைத்தோம். பென்சிலால் வரைந்த படங்கள் அப்படியே இருந்தன. மையில் எழுதிய பெயர்கள் மட்டும் நீலமாகக் கரைந்து எதிர்ப்பக்கத்தில் ஒட்டியிருந்தன. வரப்பு உடைகிறதே என்று வயல்காரர் பிள்ளைகளைச் சத்தம் போடுகிறார். அவர்மேல் எப்படிக் குறை சொல்ல முடியும்?

இன்னொன்றையும் கேட்காமல் இருக்க முடியவில்லை. மேட்டூரில் ஜனவரி 28-ல் நீரை நிறுத்தி, ஜூன் 12-ல் திறப்பது நெடுநாள் வழக்கம். இடைப்பட்ட கோடையில் ஆறு வெறும் மணலாகக் கிடக்கிறது. அப்போது பணி நடந்திருந்தால் பிள்ளைகள் ஆற்றுக்குள்ளேயே சைக்கிளைத் தள்ளிக் கடந்திருப்பார்கள். இரு கரையும் தொட்டுத் தண்ணீர் போகும் ஆடி மாதத்தில் வழியை அடைத்தது ஏன்? 2001-ல் தொடங்கிய இலவச சைக்கிள் திட்டத்தால்தான் எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகள் பத்தாம் வகுப்போடு நிற்காமல் மேலே படிக்கிறார்கள். சைக்கிள் கொடுத்த அரசின் கையே அது போகும் வழியை அடைத்துவிட்டுப் பேசாமல் இருப்பது வேதனையாக இருக்கிறது.

வழி இல்லாமலும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை நானே நடந்து பார்த்தேன். தடுப்புக்கு மேற்கே, ஆற்று நீரை ஷட்டர் வைத்துத் தேக்கித் திறந்துவிடும் ரெகுலேட்டரின் நடைபாலத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வடகரைக்குப் போகலாம். பள்ளிக்கு அருகே உள்ள சாலைப் பாலத்தில் திரும்பித் தென்கரைக்கு வந்துவிடலாம். ஒரு கிலோமீட்டர்தான் கூடும். ஆனால் நடைபாலத்தின் இரும்புக் கதவு பூட்டியிருக்கிறது. வடகரையில் ஒரு வாய்க்கால் தலைப்பில் மதகின் மேல்பலகை உடைந்து, உள்ளே ஓடும் தண்ணீர் தெரிகிறது.

ஷட்டர் இருக்கும் இடம் என்பதால் பூட்டுகிறீர்கள் என்பது புரிகிறது. காலை 8 முதல் 9 மணி வரையும், மாலை 4 முதல் 5.30 வரையும் மட்டும் ஷட்டரைக் கவனிக்கும் பாசனப் பணியாளரான லஸ்கர் ஒருவரை நிறுத்திக் கதவைத் திறந்துவிடுங்கள். உடைந்த மதகின்மேல் சைக்கிள் போகும் அகலத்துக்கு ஒரு பலகையும், இரு பக்கமும் கைப்பிடியும் போட்டுக் கொடுங்கள். தடுப்பில் இருக்கும் பலகையில் இந்த வழியை அம்புக்குறியோடு எழுதுங்கள்.

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறப்பதற்குள் இதைச் செய்து தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் வரப்பிலும் இறங்க முடியாது.

இப்படிக்கு,
தென்கரைக் கிராமத்துத் தாய் ஒருத்தி