பெட்டியில் வந்த கறுத்தக்கொழும்பான்

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்பின் வசந்தி,

நீ அனுப்பிய கறுத்தக்கொழும்பான் மாம்பழப் பெட்டி நேற்று விடியற்காலையில் யாழ்ப்பாண பஸ்ஸில் வந்து சேர்ந்தது. மூடியைத் திறந்ததும் வீடு முழுக்க உங்கள் கிணற்றடி மணம். அம்மா மூட்டுவலியையும் மறந்து எழுந்து வந்து, ஒரு பழத்தைக் கையில் எடுத்து மூக்கருகே வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

24 பழங்களில் ஐந்து, காம்படியில் கறுத்திருந்தன. அதற்காக நீ வருந்தாதே. ஆனால் ஏன் என்று சொல்லாமல் இருக்க என்னால் முடியாது. பிடுங்கியவர் காம்பை அடியோடு முறித்திருக்கிறார். நீளமான காம்போடு கொய்து, நிழலில் வைத்துக் காம்பைக் கட்டையாக நறுக்கி, தலைகீழாகக் கவிழ்த்துப் பாலை வடியவிட வேண்டும். பால் பட்ட தோல் வெந்ததுபோல் கறுத்துவிடும். கொஞ்சம் காம்பு மிஞ்சியிருக்கும் பழத்தில் காம்படி அழுகலும் பிந்தும்.

இந்தக் கடிதமே உன் மகளைப் பற்றித்தான். மருத்துவத்துக்கு வெட்டுப்புள்ளி எட்டவில்லை, விவசாய பீடம் கிடைக்கும் போலிருக்கிறது, அவளோ பழம், பூ, மரக்கறிப் பயிர்களைப் பற்றிய பூங்கனியியல் படிக்க ஆசைப்படுகிறாள் என்றெல்லாம் எழுதிவிட்டு, "கிடைத்ததைப் படிக்கட்டும்" என்று முடித்திருந்தாய். அந்த இரண்டு சொற்கள் என்னை உறங்க விடவில்லை. பிள்ளை தானாக விரும்பிக் கேட்கும் படிப்பு அது, வசந்தி.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் என் இரண்டாம் வருடத்தை உனக்கு நான் விரிவாகச் சொன்னதே இல்லை. ஒரு மரத்தின் கிளையை இன்னொரு கன்றின் தண்டில் பொருத்தி வளர்க்கும் ஒட்டுக்கட்டுதல் செய்முறைக்கு ஆளுக்கு 20 மாங்கன்றுகள் தந்தார்கள். நான் ஒட்டிய 20 கிளைகளும் இரண்டு கிழமைக்குள் காய்ந்து போயின. பண்ணையில் வேலை செய்த முதியவர் ஒருவர் என் கத்தியை வாங்கி விரலால் தடவிப் பார்த்தார். "முதலில் இதைத் தீட்டு அம்மா. ஒரே இழுவையில் வெட்டு. வெட்டிய முகத்தைத் தொடாதே" என்றார். மாறிழையம் என்று குறிப்புப் புத்தகத்தில் எத்தனையோ தடவை எழுதியிருந்தேன். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே ஈரமாக ஒரு மெல்லிய படை, அவ்வளவுதான் அது. ஒட்டுக்கிளையின் படையும், அதைத் தாங்கும் கன்றான ஒட்டுக்கட்டையின் படையும் ஒரு பக்கமாவது நேராகப் பொருந்த வேண்டும். இடையில் காற்றுப் புகுந்தால் காய்ந்துவிடும். அடுத்த தடவை 14 துளிர்த்தன. அந்தச் செம்புநிறத் தளிர்களைப் பார்க்க அதிகாலையிலேயே நாற்றுமேடைக்கு ஓடுவேன்.

படிப்பு நான்கு வருடம், எல்லாம் ஆங்கிலத்தில். முதல் ஆறு மாதம் மொழிதான் பிள்ளைக்குச் சுமையாக இருக்கும், பிறகு பழகிவிடும். பழமும் பூவும் மட்டும் என்று எண்ணாதே. மண், நீர்ப்பாசனம், பூச்சி, நோய், மரபியல், புள்ளிவிபரம் எல்லாம் வரும்.

என்னை அதிகம் பிடித்துக்கொண்டது அறுவடைக்குப் பிந்திய பகுதி. பிடுங்கிய காய் செத்துவிடுவதில்லை. அது மூச்சு விடுகிறது, சூடாகிறது, எதிலீன் என்ற வாயுவை வெளியிட்டுப் பக்கத்தில் இருப்பதையும் பழுக்க வைக்கிறது. கப்பல்வாழைச் சீப்பைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் தோல் கறுப்பதும் இதனால்தான்: ஏறக்குறைய 13 பாகை செல்சியசுக்குக் கீழே அந்த உயிர் காயப்படுகிறது. பேலியகொடை மெனிங் சந்தைக்குப் போகும் நாட்களில், லொறியில் இருந்து இறக்கிய போஞ்சி மூட்டைக்குள் கையை விட்டுப் பார்ப்பேன். நடுவில் காய்ச்சல்காரனின் நெற்றிபோலச் சுடும். அதற்கு மேல் நாலு மூட்டை, அதற்கும் மேல் ஆள் ஏறி உட்கார்ந்திருப்பான். நம் நாட்டில் மரக்கறியும் பழமும் 30 முதல் 40 வீதம் வரை இப்படி வீணாகின்றன என்பது துறையினர் பொதுவாகச் சொல்லும் கணக்கு. மூன்று மாதம் ஒருவன் இறைத்த தண்ணீர், போட்ட பசளை, பட்ட கடன் எல்லாம் அந்த மூட்டைக்குள் இரண்டு நாளில் அழுகுகின்றன. இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாத பிள்ளைகள் நமக்கு வேண்டும்.

2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரெனத் தடைசெய்தார்களே, அந்த வருடம் உங்கள் வெங்காயம் எப்படி இருந்தது என்று நீதான் எனக்கு எழுதினாய். நவம்பரில் தடை நீங்கியது, ஆனால் போகம் போய்விட்டது. அதே வேளை, அளவில்லாமல் யூரியா கொட்டியதால் யாழ்ப்பாணக் கிணறுகளில் நைத்திரேற்று என்னும் உப்பு ஏறியிருப்பதும் உண்மை. இந்த இரண்டுக்கும் நடுவே நின்று, எந்தப் பயிருக்கு எப்போது எவ்வளவு என்று சொல்லத் தெரிந்தவர் வேண்டும். இது மருத்துவத்துக்குக் குறைந்த வேலை என்று நான் ஒருபோதும் ஒப்பமாட்டேன்.

எங்கே படிப்பது என்று கேட்டிருந்தாய். பேராதனை என்னை வளர்த்த இடம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கன்னொறுவை விவசாய ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. ஆனாலும் உன் மகளுக்கு நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கிளிநொச்சி விவசாய பீடத்தைத்தான் முதலில் சொல்வேன். அவள் கேட்கப்போகும் கேள்விகள் எல்லாம் அந்தப் பக்கத்து வெயிலிலும் தண்ணீரிலும்தான் இருக்கின்றன.

எங்கள் மூன்றாம் மாடிப் பலகணியில் கடற்காற்றின் உப்பு பட்டு மல்லிகை கருகிவிட்டது. மாங்கன்று ஒன்று மட்டும் பெரிய சாடியில் தாக்குப்பிடித்து நிற்கிறது, தண்டு பென்சில் பருமனுக்கு வந்துவிட்டது. அதில் ஒட்ட, உங்கள் கிணற்றடி மரத்தில் அதே பருமனில் நுனிமொட்டு புடைத்த கிளைகள் நாலைந்தைப் பிள்ளையே பார்த்துத் தெரிவுசெய்யட்டும். இலைகளை இன்றே கிள்ளிவிட்டு, காம்புகளை மட்டும் விடச் சொல். பத்து நாள் கழித்து வெட்டி, ஈரத்துணியில் சுற்றி, இரவு பஸ்ஸில் அனுப்பு. விடியற்காலை நான் காலி வீதியில் நிற்பேன்; கத்தியைத் தீட்டி வைத்துவிட்டேன்.

அண்ணாவுக்கு என் அன்பைச் சொல்.

என்றும் உன்,
சாந்தி